பாலிசியின் பின்பக்கத்து வரி



கீரனூர் வணிகர்களே, இன்சூரன்ஸ் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு விதிவிலக்கை. தீ விபத்து பாலிசி வைத்திருப்பவர்கள் வீட்டுக்குப் போனதும் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். போர், படையெடுப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், அணு எரிபொருளாலும் அதன் கழிவாலும் வரும் கதிரியக்கத்துக்குப் பொறுப்பில்லை என்று போட்டிருக்கும். வண்டி பாலிசியிலும் உண்டு.

கடைவீதியில் ஒரு கடை எரிந்தால், எரியாத கடைக்காரர்கள் கட்டிய பிரீமியத்தில் நட்டத்தைக் கொடுத்துவிடலாம். அணு உலை விபத்தென்றால் மாவட்டமே ஒரே நாளில் கிளெய்ம் கேட்டு நிற்கும். எந்தக் கம்பெனி தாங்கும்? அதனால் அந்தப் பொறுப்பை உலை நடத்துபவர் தலையில் வைத்து 2010ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உச்சவரம்பு 1,500 கோடி ரூபாய். அதற்கு ஈடாக அரசு இன்சூரன்ஸ் கம்பெனியான ஜிஐசியும் மற்ற கம்பெனிகளும் 2015ல் கூட்டு நிதியம் அமைத்தன. 2025 டிசம்பரில் வந்த சாந்தி என்ற புதிய அணுசக்திச் சட்டம், உலையின் அளவைப் பார்த்து 100 கோடி முதல் 3,000 கோடி வரை என்று மாற்றியது. இது போதுமா என்று அணு உலை இருக்கும் கூடங்குளத்து மக்கள் கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது.

நமக்கு உலை எட்டத்தில். பழைய இரும்புக் கடையோ தெருவுக்குத் தெரு. 2010ல் டெல்லி பல்கலைக்கழகம், பல காலம் சும்மா கிடந்த ஆய்வுக் கருவி ஒன்றைப் பழைய இரும்போடு ஏலம் விட்டது. உள்ளே கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். பளபளத்த ஒரு துண்டை ஒருவர் பர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தார், உடம்பு வெந்துபோனது. வேறொருவர் இறந்தே போனார்.

இப்படி மாட்டிக்கொள்ளும் பழைய இரும்புக் கடைக்காரருக்கு நட்டஈடு யார் தருவது? 2010 சட்டம் அணு உலை விபத்துக்காக வந்தது. ஆஸ்பத்திரிக்கும் ஆய்வுக்கும் பயன்படும், கோபால்ட்-60 போன்ற கதிரியக்க ஐசோடோப்பு அதற்குள் வரவில்லை. பாலிசியிலோ கதிரியக்கம் என்றாலே கைவிரிப்பார்கள். கோபால்ட் அணு எரிபொருள் இல்லையே என்று வாதாட இடமிருக்கிறது. கம்பெனி அந்த வரியைக் கொஞ்சம் அகலமாக எழுதியிருந்தால் அதுவும் போச்சு. உலைக்குப் பக்கத்தில் இருப்பவனுக்காவது ஒரு சட்டம் இருக்கிறது, இவனுக்கு அதுவும் இல்லை. எனக்கு ஆத்திரமே இங்கேதான்.

பழைய இரும்பு வியாபாரிகளே, அடுத்த முறை பாலிசி புதுப்பிக்கும்போது இப்படிப்பட்ட கதிரியக்க நட்டத்துக்குப் பணம் உண்டா என்று ஏஜென்ட்டிடம் கேளுங்கள். வாய்ப் பேச்சு வேண்டாம், கம்பெனியின் பதிலை எழுத்தில் வாங்குங்கள். மஞ்சள் பட்டையில் கதிரியக்கத்தைக் குறிக்கும் மூன்று இதழ் முத்திரை போட்ட கனமான பெட்டி எடைக்கு வந்தால், அதன் ஈயத்துக்கு ஆசைப்பட்டு உடைக்காதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.