திரைக்குப் பின்னால் ஒரு கேள்வி
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் தத்துவம் படித்தவன். "அதைப் படிச்சு என்ன சார் பிரயோஜனம்?" என்று கேட்காதவர்கள் இல்லை. இன்று ஒரு பதில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் ரால்ஸ் (1921–2002) என்றொரு பேராசிரியர் இருந்தார். நீதிக் கோட்பாடு பற்றிய அவரது பெரிய நூல் 1971-இல் வந்தது. அதில் ஒரு கேள்வி. நீங்கள் ஏழையா பணக்காரரா, கறுப்பரா வெள்ளையரா, படிப்பு வருமா வராதா, எதுவும் உங்களுக்கே தெரியாதபடி ஓர் அறியாமைத் திரை. அதன் பின்னால் நின்று சமுதாயத்துக்கு விதி எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்? கடைசி இடம் நமக்கே வரலாமே! ஆகவே, அடிப்படைச் சுதந்திரம் எல்லாருக்கும் சமம் என்போம். வாய்ப்பு நியாயமாகக் கிடைக்க வேண்டும் என்போம். ஏற்றத்தாழ்வு இருந்தால் அது கடைநிலையில் இருப்பவருக்கே அதிக நன்மை தர வேண்டும் என்போம்.

நேர்மையாகச் சம்பாதித்ததை அரசு எடுத்துப் பங்கிடலாமா என்று அதே துறையில் இருந்த ராபர்ட் நோசிக் 1974-இல் மறுத்து எழுதினார். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

ரால்ஸ் ஏட்டோடு நிற்கவில்லை. வியட்நாம் போரின்போது கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து ஒத்திவைப்பு உண்டு. வசதியான வீட்டுப் பிள்ளை வகுப்பறையில், ஏழைப் பிள்ளை போர்க்களத்தில். போரே அநியாயம் என்று கருதியவர் ரால்ஸ். ஆனாலும் ஆள் எடுத்தே தீருவதென்றால் குலுக்கல் போடுங்கள் என்றார். தன் முன்னால் உட்கார்ந்திருந்த மாணவர்களின் சலுகையையே எதிர்த்தார்! ஆசிரியர் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் தோற்றது. 1969 டிசம்பரில் அரசே குலுக்கல் நடத்தியது. மாணவர் சலுகை மட்டும் அதன் பிறகும் சில காலம் நீடித்தது.

இந்தக் கல்லூரியில் என் பக்கத்து பெஞ்சில் ஒரு நண்பன். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். பி.யு.சி. படிக்கும்போது அவன் அப்பா காலமானார். மறுமாதமே மளிகைக் கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். எனக்கு அப்பா இருந்தார், அவனுக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். என் திறமையால்தான் உயர்ந்தேன் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரால்ஸைப் படித்த அன்று வெட்கமாக இருந்தது.

நம் சங்கம் முதல் மதிப்பெண்ணுக்குப் பதக்கம் தருகிறது. தரட்டும். கூடவே, பாதியில் நின்றுவிடப் போகிற பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட ஒரு நிதி வேண்டும். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டுத்தான் பேச வந்தேன். மாணவச் செல்வங்களே, பக்கத்து பெஞ்சு ஒரு வாரம் காலியாக இருந்தால் விசாரியுங்கள். அந்த இடம் உங்களுடையதாகவும் இருந்திருக்கலாம்.