கூடாரத்துக்குள் இருப்பவரும் தொழிலாளியே

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

விவசாயத் தொழிலாளர், மீனவர், கட்டுமானத் தொழிலாளர் ஆகியோரின் கோரிக்கைகளைப் பேசவே நேரம் போதாத நம் கூட்டத்தில், சர்க்கஸ் கலைஞர்களின் மனநலத்தை ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். சர்க்கஸ் ஒரு தொழில். அதில் உழைப்பவர் தொழிலாளி. அவருடைய உடலைப் போலவே மனமும் அந்த உழைப்பில் தேய்கிறது. உடற்காயத்துக்கு ஒரு கட்டாவது போடப்படுகிறது. மனக்காயத்தை வாய்திறந்து சொல்வதற்கே வழியில்லை.

இத்தொழிலின் வரலாறு கேரளத்தோடு பிணைந்தது. தலைச்சேரியில் உடற்பயிற்சி ஆசானாக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய மாணவர்களும், அவர்களிடம் கற்றவர்களும் நாடெங்கும் கூடாரங்களை எழுப்பினர். வறுமையும் சாதிக் கொடுமையும் நெருக்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அது சோற்றுக்கு ஒரு வழியாயிற்று. இன்று மலபாரிலிருந்து சர்க்கசுக்குச் செல்வோர் அரிது. வங்காளம், அசாம், நேபாளம் முதலிய இடங்களின் ஏழை வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்களுடைய வேலையின் தன்மையைப் பாருங்கள். பார் விளையாட்டில் ஒருவர் ஊஞ்சலை விட்டுப் பறக்கிறார். மற்றொருவர் எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கியபடி அவருடைய கைகளைப் பற்றுகிறார். இருவரில் ஒருவருக்கு முந்தைய இரவு உறக்கமில்லை என்றாலும் ஆபத்து இருவருக்குமே. கீழே வலை இருக்கலாம். தவறான கோணத்தில் விழுந்தால் வலையிலும் எலும்பு முறியும். ஒருமுறை விழுந்தவரின் மனத்தில் அச்சம் குடியேறுவது இயல்பு. ஆனால் அவர் அதை மறைக்கிறார். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் ஆட்டம் வேறொருவருக்குப் போகும். ஆட்டம் போனால் கூலி போகும். ஆகவே அந்த மௌனத்தைக் கோழைத்தனம் என்றோ தனிமனிதப் பலவீனம் என்றோ சொல்லக் கூடாது. கூலிமுறையே அவரை மௌனமாக்குகிறது.

பயிற்றுநர்களின் நிலை இன்னும் சிக்கலானது. இன்றைய மூத்த பயிற்றுநர்களில் பலர் சிறுவயதிலேயே கூடாரத்துக்கு வந்தவர்கள். பிரம்படிக்கு அஞ்சி வித்தை கற்றவர்கள். தாம் பட்ட அடியையே கல்வி என நம்பி, அதையே அடுத்த தலைமுறைக்கும் கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. 2011 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் சர்க்கசில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதற்குத் தடை விதித்தது. அதற்கு முன்பே கரடி, குரங்கு, சிங்கம், புலி, சிறுத்தை ஆகிய விலங்குகளைக் காட்சிக்குப் பயன்படுத்தத் தடை வந்தது. 2001இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இரண்டும் நியாயமானவை, இரண்டையும் நாம் ஆதரிக்கிறோம். ஆனால் குழந்தைகளையும் விலங்குகளையும் பழக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டிருந்தவர்களுக்கு மாற்றுப் பயிற்சி, மாற்று வேலை தரும் பொறுப்பை அரசு ஏற்றதா? சரியான சட்டத்தின் சுமை முழுவதும் தொழிலாளியின் தோளில் இறங்கியது. தெரிந்த ஒரே வித்தையும் பயனற்றுப் போனவரின் மனம் எப்படி இருக்கும்?

2020 மார்ச்சில் நான்கு மணி நேர அவகாசத்தில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, மன்னார்குடியில் கிரேட் பாம்பே சர்க்கசும் கோட்டக்கல்லில் ஜம்போ சர்க்கசும் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டன. காட்சி இல்லை, வருமானம் இல்லை, ஊருக்குத் திரும்ப வண்டியும் இல்லை. பிறருடைய உதவியை எதிர்பார்த்து நாட்களைக் கழித்தார்கள். உழைத்து உண்டவர் கையேந்தி நிற்கும் அவமானம், ஊரடங்கு முடிந்ததும் தானாக ஆறிவிடுவதில்லை.

"கூலியும் ஓய்வூதியமும் கிடைத்தால் மனநலம் தானே வந்துவிடும்" என்று சில தோழர்கள் கருதுகிறார்கள். இது பாதி உண்மை. கூலி உயர்ந்தாலும், விழுந்தவரின் கனவில் அந்த வீழ்ச்சி திரும்பத் திரும்ப வரும். அவருக்குச் சிகிச்சை தேவை. அதேபோல், ஆலோசகரை மட்டும் அனுப்பிவிட்டு ஒரே நாளில் மூன்று காட்சிகள் ஆடவைத்தால் அந்த ஆலோசனையால் பயனில்லை. இரண்டுக்கும் சேர்த்தே போராட வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. ஊர் ஊராகச் செல்பவருக்கு அந்த உரிமை எந்த ஊரில் கிடைக்கும் என்பதே கேள்வி. நலிவுற்ற சர்க்கஸ் கலைஞர்களுக்குக் கேரளம் ஓய்வூதியம் வழங்குகிறது. பிற மாநிலங்களும் இதைப் பின்பற்ற வேண்டும். 2010இல் தலைச்சேரியில் தொடங்கிய அரசு சர்க்கஸ் அகாதமி சில ஆண்டுகளில் நின்றுபோனது. அதை மீண்டும் திறந்து, அடியின்றிக் கற்பிக்கும் முறையில் மூத்த பயிற்றுநர்களைப் பழக்கி, அங்கே பணியமர்த்த வேண்டும். விழுந்தவர் குணமாகும் வரை கூலியோடு விடுப்பு, வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு, கூடார உரிமத்துக்கு நிபந்தனையாகக் காப்பீடு ஆகியவையும் நம் கோரிக்கைகள்.

தோழர்களே, 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபின் மொழிச் சிறுபான்மையினராக வாழும் நமக்கு, அலுவலகத்தில் தன் மொழி செல்லாதபோது ஏற்படும் தனிமை தெரியும். நம் பிள்ளைகள் வளைகுடா முகாம்களில் படும் தனிமையும் தெரியும். எனவே அடுத்து நம் பகுதியில் ஒரு கூடாரம் எழும்போது, நுழைவுச்சீட்டு வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். பகலில் சென்று பேசுங்கள். குடிநீர், கழிப்பறை, காப்பீடு இருக்கின்றனவா எனக் கேளுங்கள். பாறசாலை, நெய்யாற்றின்கரை அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கும் நாளை ஆஷா ஊழியர்களிடம் கேட்டறிந்து, தேவைப்படுவோரை உடன் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்னும் டெலி-மானஸ் எண்ணை அவர்களிடம் கொடுங்கள். அது கட்டணமில்லாதது, இரவும் பகலும் இயங்குவது, பல இந்திய மொழிகளில் பேசக்கூடியது. அவர்கள் சங்கமாகத் திரள விரும்பினால் நம் தொழிற்சங்க அலுவலகத்தின் கதவு திறந்திருக்கும் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.