புதிய கைபேசியும் ஐந்தாம் தலைமுறையும்



எங்கள் சிற்றூர் பேராவூரணிக்கு அருகே இருக்கிறது. நான் சிறு பிள்ளையாக இருந்த நாளில் எங்கள் வீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் பெட்டி உண்டு. திருச்சி வானொலி நிலையம் அதில் கணீரென்று ஒலிக்கும். ஆனால் இரவில் இலண்டனிலிருந்து வரும் தமிழோசையைக் கேட்க வேண்டுமானால், என் தந்தையார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குத்தான் போவார். எங்கள் பெட்டியில் மத்திய அலை மட்டுமே இருந்தது. எதிர்வீட்டுப் பெட்டியில் சிற்றலையும் இருந்தது. இரண்டையும் ‘ரேடியோ’ என்றே ஊரார் அழைத்தனர். ஒன்றில் இலண்டன் வரும், மற்றொன்றில் வராது, வேறுபாடு அவ்வளவே.

இந்தப் பழங்கதை எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது 2024ஆம் ஆண்டுப் பொங்கலன்றுதான். ஊருக்குப் புறப்படுமுன், தில்லி கரோல் பாகில் ஒரு கடையில் அம்மாவுக்காக ஒரு கைபேசி வாங்கினேன். சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வகை. ஆகவே விலையைக் குறைத்துத் தந்தார்கள். பெட்டியின்மேல் ‘5ஜி’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. கடையிலேயே என் சிம் அட்டையைச் செருகிப் பார்த்தேன். திரையின் மூலையில் 5ஜி என்ற எழுத்துத் தோன்றிற்று. இதற்கு மேல் என்ன சோதனை வேண்டும் என்று மனநிறைவோடு ரயில் ஏறினேன். ஊரில் அதே கருவி, அதே சிம், 4ஜியைத் தவிர வேறெதையும் காட்ட மறுத்துவிட்டது. பக்கத்தில் அமர்ந்திருந்த தங்கை மகனுடைய கைபேசியோ, அதே நிறுவனத்தின் சிம்மை வைத்துக்கொண்டு 5ஜி காட்டிற்று. “மாமா, தில்லியிலிருந்து வாங்கி வந்தது இதுதானா?” என்று அவன் கேட்டான். அம்மா அவனை அதட்டினார்கள். ஆனால் கேள்வி நியாயமான கேள்விதான்.

மொழிபெயர்ப்பு என் தொழில். இந்தக் கருவி 5ஜியைச் ‘சப்போர்ட்’ செய்யும் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. அகராதியைப் பார்த்து ‘ஆதரிக்கும்’ என்று எழுதிவிடுகிறோம். ஆதரிப்பதாகச் சொல்பவர் எந்த அளவுக்கு, எந்த ஊர்வரை ஆதரிப்பார் என்பதைச் சொல்லில் காண முடியாது என்பதை நம் உறவுக்காரர்களிடமே நாம் கற்றிருக்கிறோமல்லவா? 5ஜி என்பது ஒரே அலை அன்று. பல அலைவரிசைகளுக்குப் பொதுவாக இட்ட பெயர்.

நம் நாட்டில் 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த அலைக்கற்றை ஏலத்தில் இவற்றுள் மூன்றைப் பற்றியே பேச்சு மிகுதியாக இருந்தது. 700 மெகாஹெர்ட்ஸ் ஒன்று. அதன் அலை ஏறத்தாழ 43 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அது நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 3300 மெகாஹெர்ட்ஸ் இன்னொன்று. அலை நீளம் சுமார் 9 சென்டிமீட்டர். அது சுமக்கும் செய்தி மிகுதி, செல்லும் தொலைவு குறைவு. மூன்றாவது 26 கிகாஹெர்ட்ஸ். அதன் அலை ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. சுவர் ஒன்று குறுக்கிட்டாலே தயங்கி நின்றுவிடும். இதைவிடவும் குறுகிய, மில்லிமீட்டர் அளவே உள்ள அலைகளைக் கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1890களிலேயே உண்டாக்கிக் காட்டினார் என்பதை இங்கே நினைத்துக்கொள்வதில் ஒரு தனி இன்பம் இருக்கிறது.

அம்மாவின் கைபேசிக்கு நேர்ந்தது இதுதான். அதற்கு 3300 தெரியும், 700 தெரியாது. கரோல் பாகில் கோபுரங்கள் நெருங்கி நிற்கின்றன. 3300 எளிதில் எட்டிற்று. எங்கள் ஊரில் கோபுரம் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் நிற்கிறது. அங்கிருந்து எங்கள் வீடு வரை வந்து சேர்ந்தது 700 மட்டுமே. அந்த வரிசையை 2022 ஏலத்தில் எடுத்த தனியார் நிறுவனம் ஜியோ ஒன்றுதான். ஆகவே எந்த நிறுவனத்தின் சிம் என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். கருவியின் விவரப் பட்டியலில் 700க்கு என்28 என்றும், 3300க்கு என்78 என்றும் குறியிட்டிருப்பார்கள். பெட்டியின்மேல் உள்ள பெரிய எழுத்தைப் படித்த நான், இந்தப் பொடி எழுத்தைப் படிக்கவில்லை. தவறு என்னுடையதே.

அலைவரிசை பொருந்தினாலும் வேலை முடிந்துவிடாது. ஏர்டெல் நிறுவனம் தொடக்கத்தில் தன் 5ஜியை 4ஜியின்மேல் சார்ந்து இயங்குமாறு அமைத்தது. ஜியோவோ தனித்து இயங்குமாறு அமைத்தது. முன்னது மணமான மகன் பெற்றோர் வீட்டிலேயே ஓர் அறை எடுத்துக்கொள்வது போன்றது; பின்னது தனிக்குடித்தனம். தனித்தியங்கும் முறை அறியாத கருவி அங்கே 5ஜி பெறாது.

மென்பொருளும் இசைய வேண்டும். 2022 அக்டோபர் 1ஆம் நாள் தில்லியில் 5ஜி சேவை தொடங்கிற்று. அன்று விலையுயர்ந்த ஐபோன் வைத்திருந்த அன்பர்களுக்கு அச்சேவை கிட்டவில்லை. ஐபோன் 12 முதல் எல்லாவற்றிலும் 5ஜி உறுப்புகள் இருந்தும், அவ்வாண்டு டிசம்பரில் வந்த 16.2 என்னும் மென்பொருள் அவற்றைத் திறந்துவிடும் வரை காத்திருக்க நேர்ந்தது. அதற்கும் பத்தாண்டு முன்னால் கொல்கத்தாவில் இருந்த நம்மவர்களுக்கு வேறொரு ஏமாற்றம் வாய்த்தது. 2012 ஏப்ரலில் நாட்டின் முதல் 4ஜி சேவை அந்நகரில் 2300 மெகாஹெர்ட்ஸில் தொடங்கிற்று. அவ்வாண்டு வெளிவந்த ஐபோன் 5, 4ஜி உடையது என்று உலகெங்கும் பேர்பெற்றது. ஆனால் அந்த அலைவரிசை அதில் இல்லை. இக்குறையை எந்த மென்பொருளாலும் தீர்க்க முடியாது.

அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவரும் கைபேசியைப் பற்றியும் ஒரு சொல். ஒரே பெயருள்ள கருவி நாட்டுக்கு நாடு வேறு வேறு மாதிரி எண்ணோடு விற்கப்படுகிறது. ஐபோன் 14 வரிசை முதல் அமெரிக்கப் பதிப்பில் சிம் அட்டை செருகும் இடமே கிடையாது. மின்னணு சிம் மட்டுமே. இங்கே 5ஜிக்குப் புதிய சிம் வேண்டுமோ என்றால், இருக்கும் 4ஜி சிம்மே போதும் என்று நிறுவனங்கள் அப்போதே அறிவித்தன. “சிம்மை மாற்றித் தருகிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று எவரேனும் இந்தியிலோ தமிழிலோ கூப்பிட்டால் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

ஆறாம் தலைமுறைக்காகக் காத்திருக்கலாமே என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். அதன் பொதுவடிவை உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023இல் வகுத்தது. சேவையை 2030 அளவிலேயே எதிர்பார்க்கிறார்கள். அதுவரை பழைய கைபேசியின் பாட்டரி தாங்குமா என்பதை நண்பரே முடிவு செய்துகொள்ளட்டும்.

வேகத்தைப் பொறுத்தமட்டில், அவ்வொன்றியம் 5ஜிக்கு வகுத்த உச்ச அளவு நொடிக்கு 20 கிகாபிட். சாதாரணப் பயனர் பெற வேண்டியது 100 மெகாபிட். முகம் பார்த்துப் பேசுவதற்குச் சில மெகாபிட்டே போதும். அம்மாவின் கைபேசியை நான் மாற்றவில்லை. ஞாயிறு தோறும் 4ஜியிலேயே பேசுகிறோம். படம் தெளிவாகத்தான் வருகிறது. கருவியை எங்கே பிடிப்பது என்பது மட்டும் அவர்களுக்கு இன்னும் கைவரவில்லை. ஆகவே பாதி நேரம் எங்கள் வீட்டு உத்தரத்தையும், அதில் தொங்கும் விசிறியையும் பார்த்தபடியே ஊர்ச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.