எழுந்து கேட்டேன்

நான் சிதம்பரம் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரை படிச்சவள்.

என் மகள் பள்ளிக்கூடத்தில் தண்ணியே குடிக்க மாட்டாள். கழிப்பறைக் குழாயில் தண்ணி வராது, அதான். பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் உறுப்பினர், ஆனா வாய் திறக்கப் பயம். மகளிர் குழுவில் எத்தனை கடன் தீர்மானம் எழுதியிருக்கோம், இது என்னன்னு ஒருநாள் எழுந்து சொல்லிட்டேன். தலைவியும் ஒரு அம்மாதானே, உடனே தீர்மானம் எழுதினாங்க.

2022 டிசம்பரில் தொடங்கின 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் கம்பெனிகளும் அரசுப் பள்ளிக்குப் பணம் தரலாம். ஆனா என்ன வேணும்னு பள்ளி முதலில் கேட்கணும். டீச்சர் எங்க தேவையைப் பதிஞ்சிருக்காங்க.

இன்னிக்குக் கடலூர் கிளம்பும்போது மகள் கேட்டாள், "தண்ணி எப்பம்மா வரும்?" அடுத்த கூட்டத்திலும் எழுந்திருப்பேன்.