மறுபடி மூளும் கருந்துளைகள்

1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் ஆய்வகத்தில் இரண்டு இளைஞர்கள் வானத்தில் ஒரே ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். ஒருவர் ரோஜர் ஜெனிசன். மற்றவர் கல்கத்தாவிலிருந்து போன மிருணாள் குமார் தாஸ்குப்தா. அந்தப் புள்ளி ஒரு விண்மீன் மண்டலம், சிக்னஸ் ஏ என்று பெயர். வானத்திலேயே மிக வலுவாக ரேடியோ அலைகளை வீசும் மூலங்களில் அதுவும் ஒன்று. ஓர் ஆன்டெனாவை ஓரிடத்தில் நிறுத்தி, இன்னொன்றை இடம் மாற்றி மாற்றி வைத்து அதன் வடிவத்தை அளந்தார்கள். 1953இல் வெளியான முடிவு எல்லாரையும் குழப்பியது. அலைகள் பெரும்பாலும் அந்த விண்மீன் மண்டலத்திலிருந்தே வரவில்லை. அதற்கு இருபுறமும் வெகுதூரம் தள்ளி இருக்கும் இரண்டு திட்டுகளிலிருந்து வந்தன!

மண்டலத்தின் நடுவில் ஒரு ராட்சதக் கருந்துளை இருக்கிறது. அதில் விழப்போகும் வாயுவின் ஒரு பகுதி விழாமல், எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளாக, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிடுகிறது. தாரைகள் போய் முட்டும் இடங்களில் பொங்கிப் பரவுவதுதான் அந்தத் திட்டுகள். மடல்கள் என்று சொல்வார்கள். இந்த விளக்கம் உருப்பெற மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையை இன்னொரு நாள் பார்க்கலாம். ஏனென்றால் சுவாரசியமான சங்கதி வேறு இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஆர்னோ ஸ்கூன்மேக்கர்ஸும் அவருடைய கூட்டாளிகளும் சில விநோத மண்டலங்களைப் பட்டியலிட்டார்கள். அவற்றில் ஒரு ஜோடி மடல்களுக்குப் பதில் இரண்டு ஜோடிகள். வெளியே பெரிய, மங்கிய ஜோடி. உள்ளே சிறிய, பளிச்சென்ற ஜோடி. இரண்டுக்கும் நடுமையம் ஒன்றுதான். 'இரட்டை-இரட்டை' என்று பெயர் வைத்தார்கள். கருந்துளை ஒருமுறை தாரையை வீசியிருக்கிறது, நிறுத்தியிருக்கிறது, பல லட்சம் ஆண்டுகளோ கோடி ஆண்டுகளோ கழித்து மறுபடி தொடங்கியிருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றில் புதுத் தாரை ஏறத்தாழ பழைய தாரையின் கோட்டிலேயே போவதைக் கவனியுங்கள். தீனி நின்றுபோயும், தாரைக்குத் திசை காட்டும் கருந்துளையின் சுழல் அச்சு அசைந்து கொடுக்கவில்லை.

தாரை நின்று இத்தனை காலமான பின்னும் பழைய மடல் எப்படித் தெரிகிறது? உலையிலிருந்து எடுத்த இரும்பை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெண்மை போகும், பிறகு மஞ்சள், கடைசியில் சிவப்பு. மடலிலும் அப்படித்தான். காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள்தான் ரேடியோ அலைகளைத் தருகின்றன. அவற்றில் ஆற்றல் மிகுந்தவை சீக்கிரம் சோர்ந்துபோகின்றன. அதனால் உயர் அதிர்வெண்ணில் மடல் முதலில் மறைகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் நெடுநாள் நிற்கிறது. எந்த அதிர்வெண்ணுக்கு மேல் வெளிச்சம் சரிகிறது என்று பார்த்து மடலின் வயதையே கணித்துவிடுகிறார்கள்.

ஆகவே கிழட்டு மடல்களைத் தேடுபவர்களுக்குத் தாழ்ந்த அதிர்வெண் வேண்டும். நீங்கள் இப்போது பண்பலையில் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் பெட்டி 88க்கும் 108க்கும் இடையில் ஏதோ ஒரு மெகாஹெர்ட்ஸில் நிற்கிறது. புனேக்கு வடக்கே கோடத் கிராமத்தை ஒட்டி நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியின் கீழ்ப்பட்டை அதிலிருந்து அதிக தூரமில்லை, 150 மெகாஹெர்ட்ஸ் வட்டாரம். 45 மீட்டர் அகலத்தில் 30 கிண்ணங்கள், 25 கிலோமீட்டர் வரை விரிந்து கிடக்கின்றன. அதை எழுப்பிய கோவிந்த் ஸ்வரூப்தான் அதற்கு முன் நம் ஊட்டியில், முத்தோரை மலைச்சரிவில், 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியை அமைத்தவர். பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கட்டும் என்று சரிவையே தேடிப்பிடித்துக் கட்டினார். 1970இலிருந்து அது வானத்தைக் கேட்டு வருகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் ரோஜாத் தோட்டத்தோடு திரும்பிவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ஜி.எம்.ஆர்.டி. துணைசெய்த கண்டுபிடிப்புகளில் ஸ்பெகா என்ற மண்டலம் தனி ரகம். ஆனந்த ஹோத்தா தலைமையிலான குழு 2011இல் அதை வெளியிட்டது. இருப்பது 170 கோடி ஒளியாண்டு தொலைவில். அமெரிக்காவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி எடுத்த வெவ்வேறு வரைபடங்களை அடுக்கிப் பார்த்தபோது மடல்களுக்கு வெளியே மடல்கள் தெரிந்தன, ஜி.எம்.ஆர்.டி. தாழ்ந்த அதிர்வெண்ணில் பழைய மடல்களைக் காட்டியது. எண்ணிப்பார்த்தால் மூன்று ஜோடிகள்! அதாவது அந்தக் கருந்துளை மூன்று முறை மூண்டிருக்கிறது.

அதைவிட வியப்பு, ஸ்பெகா ஒரு சுருள் மண்டலம். இவ்வளவு பெரிய மடல்கள் பொதுவாக நீள்வட்ட மண்டலங்களுக்கே உரியவை. சுருள் மண்டலத்துக்கு இருப்பது அபூர்வம். அதில் இன்னும் புது விண்மீன்களும் பிறந்துகொண்டிருக்கின்றன. சுற்றியுள்ள மண்டலக் கொத்திலிருந்து வாயு அதற்குள் இறங்குகிறது என்பது குழுவின் ஊகம். அடுப்பு எரிய விறகும் எங்கிருந்தோ வரவேண்டுமே.

ஸ்பெகாவுக்கு முன் மும்முறை மூண்டதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, 2007இல் அறிவிக்கப்பட்டது. மூன்றாவதை 2016இல் ஜி.எம்.ஆர்.டி.யே காட்டிக்கொடுத்தது. இன்றைக்கும் இந்த வகையை விரல்விட்டு எண்ணிவிடலாம். தாரை ஏன் நிற்கிறது, ஏன் மறுபடி தொடங்குகிறது என்பதற்கு வாயு வரத்து, அண்டை மண்டலத்தோடு மோதல் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் ஒரே காரணம் கிடைத்தபாடில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. ஹோத்தா 2013இல் 'ராட் அட் ஹோம்' என்ற குடிமக்கள் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். அறிவியல் படித்தவர்கள் வீட்டிலிருந்தபடியே ஜி.எம்.ஆர்.டி. படங்களைப் பார்த்துப் பழக அங்கே பயிற்சி தருகிறார்கள். கல்லூரியில் படிக்கும் நேயர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு முறை மூண்ட ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், அடுத்த உரையை நீங்களே இந்த ஒலிவாங்கியின் முன் வந்து பேசலாம்.