ஆட்டம் முடிந்த அரங்கம் யாருக்கு?

(தர்மபுரி மாவட்டத்துச் சேரி ஒன்றில் பொங்கலையொட்டி இளைஞர்கள் நடத்திய கபடிப் போட்டியின் நிறைவில் பேசியது. பேச்சு வழக்கு பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



இப்பதான் கபடி முடிஞ்சுது. பசங்க முழங்கால்ல ஒட்டின மண்ணு இன்னும் உதிரல. நீங்க ஆடின இடம் மைதானம் இல்லை. கேழ்வரகு அறுத்த கொல்லை. நம்ம பெரியவர் ஒருத்தர் ரெண்டு நாளைக்கு விட்டுக் கொடுத்தார். மழை பெய்தால் ஏர் ஓட்டிவிடுவார். அடுத்த வருஷம் வேறு கொல்லை தேட வேண்டும். ஊர்த்தெருப் பக்கம் மைதானம் இருக்கிறது. அங்கே நம் பசங்க பந்தோடு போனால் என்ன பேச்சு வரும் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

விளையாட்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் கவிதை எழுதுகிறவன் என்றாலும் சோறு போடுவது வங்கி எழுத்தர் வேலை. அதனால் விளையாட்டின் கணக்கைப் பேசுகிறேன்.

பெரிய விளையாட்டு விழா முடிந்த பிறகு, கட்டி வைத்த அரங்கத்தை என்ன செய்வது? உலகம் முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. மான்ட்ரியல் நகரத்தில் 1976 ஒலிம்பிக்குக்குக் கட்டிய அரங்கத்தின் கடன் 2006இல்தான் தீர்ந்தது. 30 வருஷம். புகையிலைக்குத் தனி வரி போட்டு அடைத்தார்கள். பிரேசிலியாவில் 2014 உலகக் கோப்பைக்குக் கட்டிய அரங்கத்தின் வளாகத்தில் மறு வருஷமே பஸ்களை நிறுத்தினார்கள். வாடகைக்கு விடு, கச்சேரி நடத்து, தனியாருக்குக் கொடு என்று நிபுணர்கள் யோசனை சொல்கிறார்கள். நல்லது. ஆனால் அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. யார் கையால் கட்டியது? யார் காசில் கட்டியது? அதைக் கேட்காமல் யாருக்கு என்று எப்படித் தீர்மானிப்பது?

தில்லியைப் பாருங்கள். அங்கே நேரு விளையாட்டரங்கம் 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. அந்த விழாவுக்கான கட்டுமானங்களில் வேலை செய்த கூலிகளுக்காக அப்போது உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்தது. நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஜமேதார் ஒரு ரூபாய் பிடித்துக்கொள்கிறான், பெண்களுக்கு 7 ரூபாய்தான் தருகிறான் என்பது புகார். பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய் வருகிற நம்ம அம்மாக்களுக்கு இது புதுசா? அங்கே ஜமேதார், இங்கே மேஸ்திரி. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அது கட்டாய உழைப்பு, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவுக்கு எதிரானது என்று நீதிபதி பகவதி தீர்ப்பு எழுதினார். அந்தச் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைவர் யார் என்று இங்கே சின்னக் குழந்தையும் சொல்லும். ஆக, கை யாருடையது என்பது தெரிந்துவிட்டது.

காசு யாருடையது? 2010இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக அதே அரங்கத்தை மாற்றிக் கட்டினார்கள். புதிய அரங்கங்களும் எழும்பின. சிறப்பு உட்கூறுத் திட்டம் என்று ஒன்று 1979 முதல் உண்டு. தலித் மக்கள் நூற்றுக்கு எத்தனை பேரோ, திட்டப் பணத்தில் அத்தனை பங்கு அவர்களுக்கென்றே ஒதுக்கப்பட வேண்டும். படிப்பு, விடுதி, வீடு, தொழில் எல்லாம் அதில் அடக்கம். 2006-07 முதல் 2010-11 வரை தில்லி அரசு அந்தக் கணக்கிலிருந்து 744 கோடி ரூபாயைக் காமன்வெல்த் வேலைகளுக்குத் திருப்பிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய தாள்களில்தான் இது வெளியே வந்தது. 2010 ஆகஸ்டில் அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையில் பணம் திருப்பிவிடப்பட்டது தவறு என்று ஒப்புக்கொண்டார். அவர் சொன்ன தொகை 678 கோடி. திரும்பக் கிடைக்கச் செய்வதாகவும் சொன்னார்.

வாடிக்கையாளர் கையெழுத்து இல்லாமல் ஒருத்தர் கணக்கிலிருந்து நூறு ரூபாயை நான் வேறு கணக்குக்கு மாற்றினால் அன்னைக்கே சஸ்பெண்ட். சாயங்காலமே திருப்பிப் போட்டுட்டேன் சார் என்று சொன்னால் விடுவார்களா? 744 கோடிக்கு யார் சஸ்பெண்ட் ஆனது? பணத்தைத் திருப்பி எழுதலாம். அந்த ஐந்து வருஷத்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற பிள்ளையின் வயசைத் திருப்பி எழுத எந்தப் பேரேட்டிலும் பத்தி இல்லை.

'ரோடும் ஸ்டேடியமும் எல்லாருக்கும்தானே, அதில் தலித்துகளும் அடக்கம்தானே' என்பது இப்படிப்பட்டவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம். சரி, எல்லாருக்கும் என்ன ஆனது? வீரர்கள் தங்கக் கட்டிய குடியிருப்புகள் வசதி உள்ளவர்களுக்கு விற்கப்பட்டன. காமன்வெல்த்துக்காகக் கட்டிய தியாகராஜ் அரங்கத்தில் 2022 மே மாதம் என்ன நடந்தது தெரியுமா? ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி நாயோடு நடக்க வேண்டும் என்று, பயிற்சி செய்கிற பிள்ளைகளை ஏழு மணிக்கே வெளியேறச் சொல்கிறார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அவரை லடாக்குக்கு மாற்றினார்கள். 2020 நவம்பரில் விவசாயிகள் தில்லிக்கு வந்தபோது, ஒன்பது அரங்கங்களைத் தற்காலிகச் சிறையாக்க போலீஸ் அனுமதி கேட்டது. தில்லி அரசு மறுத்ததால் அது நடக்கவில்லை. சிலியில் நடந்தது. 1962 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்த சான்டியாகோ தேசிய அரங்கத்தில் 1973இல் ராணுவம் ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தது. காலியாக இருக்கும் அரங்கத்துக்கு அதிகாரம் தானாகவே ஒரு உபயோகம் கண்டுபிடித்துக்கொள்ளும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

பல்வங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். சமார் சாதியில் பிறந்தவர். புனேயில் வெள்ளைக்காரர்கள் ஆடுகிற மைதானத்தைப் பராமரிக்கிற கூலியாக இருந்து மேலே வந்தவர். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் விக்கெட்டுகளாகக் குவித்தார். அவருக்கே இங்கே ஆட்ட இடைவேளையில் தேநீர் வெளியே, தனிக் குவளையில். மைதானத்தைச் செப்பனிட நம் கை வேண்டும், உள்ளே உட்கார நாம் வேண்டாம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் வாசலில் நிற்பது யார் என்று பாருங்கள்.

அதனால் நான் சொல்வது இதுதான். நம் பங்குப் பணம் விழுந்த அரங்கங்களில் முதல் உரிமை நம் பிள்ளைகளுக்கு. கட்டணமில்லாமல், தினமும், பயிற்சியாளரோடு. பார்வையாளர் படிக்கட்டுக்குக் கீழே பூட்டிக் கிடக்கிற அறைகள் விடுதியாகட்டும், வெளியூரிலிருந்து தேர்வெழுத வருகிற பிள்ளைகள் படிக்கிற இடமாகட்டும். வாசலில் ஒரு பலகை வைத்து, எந்தத் திட்டத்திலிருந்து எவ்வளவு வந்தது என்று எழுதட்டும். திறந்து வைத்த மந்திரி பேருக்குக் கல் வைக்கிறவர்களுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு என்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036 ஒலிம்பிக்குக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கணக்கிலிருந்து எடுக்கப் போகிறார்கள் என்று இப்போதே கேட்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு கேட்டால் மான்ட்ரியல் மாதிரி கடன் கட்டுவதுதான் மிச்சம்.

நம் மாநிலத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டத்துக்கு 2024இல் சட்டமே வந்திருக்கிறது. சட்டம் வந்தால் போதாது, அதைப் பிடித்துக் கேட்க ஆள் வேண்டும். நம்ம ஒன்றியத்தில் அந்தப் பணத்தில் என்னென்ன வேலை நடந்தது என்று கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். சேரிக்குப் பக்கத்துப் புறம்போக்கில் விளையாட ஒரு ஏக்கர் கேட்டு இன்னொரு மனு. ரெண்டும் அந்த மேசையில் இருக்கிறது. கோப்பை வாங்கினவங்களும் தோத்தவங்களும் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. கைநாட்டு வைக்கிற அம்மாக்களுக்கு மைப்பெட்டியும் கொண்டுவந்திருக்கேன்.

ஜெய் பீம்.