மூச்சுவிடும் மண்

வீட்டையும் காணியையும் நாம் அசையாச் சொத்து என்கின்றோம். காற்று அசையும், கடல் அசையும், நிலம் அசையாது என்பது நமது நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு இடங்கொடாத ஒரு கடற்கரையைச் சில காலத்துக்கு முன் நான் சுற்றிப் பார்த்தேன். இத்தாலியில், நேப்பிள்ஸ் நகருக்கு மேற்கே உள்ள அப்பிரதேசத்தின் பெயர் காம்பி பிளெக்ரேய். எரியும் வயல்கள் என்பது அதன் பொருள்.

கூம்பு வடிவான மலையொன்றை அங்கே தேடுதல் வீண். ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பின்போது நிலம் அமிழ்ந்து உண்டான பெருங்குழிவே அந்த எரிமலை. அதன் ஒரு பாதி கடலுக்குள் கிடக்கின்றது. மறுபாதியின்மேல் ஊர்களும் திராட்சைத் தோட்டங்களும் இருக்கின்றன.

முதலிற் கூமே என்ற இடத்துக்குச் சென்றேன. கிறித்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில் கிரேக்கர் இத்தாலியப் பெருநிலத்தில் அமைத்த முதற் குடியேற்றம் அது. அதன் அருகே, பழைய எரிமலை வாயொன்றில் நீர் நிறைந்து அவெர்னோ ஏரியாகியிருக்கின்றது. வேர்ஜில் என்னும் மகாகவி, பாதாளத்துக்குச் செல்லும் வாயிலை இங்கேதான் அமைத்தார். நிலத்தினின்றும் கந்தகப்புகை எழும் நாட்டில் அக்கற்பனை பிறந்ததில் வியப்பில்லை.

தெற்கே மிசேனம், உரோமரின் கடற்படைத் துறைமுகம். கி.பி. 79இல் வெசூவியஸ் வெடித்தபோது அங்கிருந்து கப்பலேறிச் சென்று உயிர்நீத்த படைத்தலைவர் மூத்த பிளினி. இலங்கையிலிருந்து குளோடியஸ் மன்னனிடம் சென்ற தூதரைப் பற்றித் தமது நூலில் எழுதிவைத்தவரும் அவரே. நம் தீவை அறிந்திருந்த ஒருவரின் துறைமுகத்தில் நிற்கின்றேன் என்ற எண்ணம் மெய்சிலிர்க்க வைத்தது.

அடுத்துள்ள பாயா, உரோமச் செல்வரின் உல்லாச நகரம். அதன் மாளிகைத் தளங்களும் சித்திரக்கற் பாவிய கூடங்களும் இன்று கடலடியிற் கிடக்கின்றன. அலை வந்து அவற்றை அழிக்கவில்லை. நிலமே மெல்ல இறங்கிற்று.

பொற்சுவோலி நகரிலே பழைய உரோமச் சந்தையின் மூன்று சலவைக்கற்றூண்கள் நிற்கின்றன. ஆளுயரத்தின் மும்மடங்குக்கும் மேலே, கடற்சிப்பிகள் குடைந்த துளைகளை அவற்றிற் காணலாம். தூண்கள் நின்றபடியே கடலுள் இறங்கிப் பின்னர் மேலெழுந்தன என்பதற்கு அத்துளைகளே சாட்சி. ஆசிரியன் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இவ்வளவு தெளிவாக விளக்க முடியாது.

இது பழங்கதையன்று. 1538இல் ஒரு வாரத்துள் அங்கே புதிய மலையொன்று எழுந்து, திரிபெர்கோலே என்ற ஊரை மூடிற்று. 1970இல் நிலம் உயரத் தொடங்கியதும் பொற்சுவோலியின் பழைய குன்றுக் குடியிருப்பிலிருந்த மக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். 1982 முதல் 1984 வரை நிலம் ஏறக்குறைய 1.8 மீற்றர் உயர்ந்தது, பல்லாயிரவர் வீடிழந்தனர். எரிமலையோ வெடிக்கவில்லை. 2005 முதல் நிலம் மறுபடியும் உயர்ந்து வருகின்றது.

அவ்வாறாயின் அம்மக்கள் ஏன் அங்கே வாழ்கின்றனர் என்று நீங்கள் கேட்கலாம். அந்த மண்ணே அவர்களுக்கு வளமான தோட்டத்தையும் வெந்நீரூற்றையும் தந்தது. அதன் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்தே, நீருக்குள்ளும் இறுகும் சாந்தை உரோமர் செய்தனர். அச்சுறுத்துவதும் ஊட்டுவதும் ஒரே மண்.

வெளியேறு என்று சொல்லி வெடிக்காவிட்டால் பழி. சொல்லாமலிருந்து வெடித்துவிட்டால் அழிவு. அறிஞர் இரவும் பகலும் கருவிகளால் அந்நிலத்தை அளந்துகொண்டிருப்பது இந்த இக்கட்டின் நடுவேதான். ஒருமுறை வெடிக்கவில்லை என்பதற்காக அடுத்த எச்சரிக்கையை அசட்டை செய்யாதிருத்தலே அங்கு வாழ்வோர் கற்கவேண்டிய பாடம். அது கடினமான பாடம். அம்மூன்று தூண்களும் அதனைச் சொல்லிக்கொண்டே நிற்கின்றன.